ஆகாயத்தில் எழுந்த புகை

பூமியில் ஒரு வீட்டில் புகை மூண்டால் வாசலுக்கு ஓடிவிடலாம். 30,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்திலோ, தரையில் இறங்கிய பிறகே வாசல் என்று ஒன்று உண்டு. எளிதாகத் தோன்றும் இந்த உண்மை விமானிகளின் நடைமுறை விதியாகவே மாறுவதற்குச் சுமார் முப்பது வருஷங்கள் பிடித்தன என்பதும், அந்த மாற்றத்தின் ஒவ்வொரு படியும் பிரயாணிகள் பலர் மாண்ட பிறகே ஏறப்பட்டது என்பதும் இத்துறையின் சரித்திரத்தைப் புரட்டுவோர் மனத்தை வருத்தும் விஷயங்கள்.

1973 ஜூலை 11-ஆம் தேதி ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்கு வந்த வாரிக் கம்பெனியின் போயிங் 707 விமானத்தில், இறங்கச் சில நிமிஷங்களே இருந்தபோது பின்புறக் கழிப்பறையிலிருந்து புகை கிளம்பிற்று. குப்பைத் தொட்டியில் யாரோ எறிந்த சிகரெட்டே காரணமாக இருக்கலாம் என்று ஊகிக்கப்பட்டது. எதிரேயிருந்த கருவிகளையே காண முடியாத விமானிகள், பக்கத்துச் சன்னலைத் திறந்து அதன் வழியே தரையைப் பார்த்தபடி, ஓர்லி நிலையத்துக்குச் சுமார் 5 கிலோமீட்டர் இப்பால் ஒரு வெங்காய வயலில் விமானத்தை இறக்கினார்கள். 134 பேரில் 123 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது தரையில் மோதிய வேகமன்று, புகையே. மறு வருஷம் அமெரிக்க அதிகாரிகள் கழிப்பறையில் புகைபிடிப்பதைத் தடுத்து, அறிவிப்புப் பலகைகளும் சாம்பல் கிண்ணங்களும் வைக்க ஆணையிட்டனர். விமானத்தில் புகைபிடிப்பதே அறவே ஒழிந்த பின்னும் கழிப்பறைக் கதவருகே அக்கிண்ணம் இருப்பது காரணத்தோடுதான்: தடையை மீறுபவன் சிகரெட்டை அணைக்க இடமில்லாமல் காகிதத் தொட்டியில் போட்டுவிடக் கூடாது.

ஆயினும் புகையைக் கண்டால் எவ்வளவு விரைவாக இறங்க வேண்டும் என்பதைக் கற்பித்தது 1983 ஜூன் 2-ஆம் தேதி மாலை நிகழ்ந்த ஏர் கனடா 797 விபத்தே. டல்லாஸிலிருந்து டொராண்டோவுக்கு 41 பிரயாணிகளுடன் சென்ற டிசி-9 விமானத்தில், 6.51 மணிக்குப் பின்புறக் கழிப்பறை மோட்டாரின் சர்க்யூட் பிரேக்கர்கள் மூன்றும் அடுத்தடுத்து விழுந்தன. கேப்டன் மீண்டும் அழுத்திப் பார்த்தார், அவை நிற்கவில்லை. மோட்டார் பழுதாகிவிட்டது என்று கருதினார். அந்நேரத்தில் எவரும் அப்படித்தான் கருதியிருப்பார். சுமார் ஒன்பது நிமிஷம் கழித்துக் கடைசி வரிசையில் ஏதோ நாற்றம் வீசிற்று. சிப்பந்தி ஒருவர் கழிப்பறைக் கதவைத் திறந்து அணைப்பானைப் பீய்ச்சினார். புகை தணிவதாகக் கேப்டனுக்குச் செய்தி போயிற்று. பின்னால் போன துணை விமானியோ, கதவு கொதிப்பதைத் தொட்டறிந்து, திறவாமலே திரும்பி வந்து, கீழே இறங்குவதே நல்லது என்றார். அபாய அழைப்பு எழுந்தபோது மணி 7.08. நெருப்பில்லாமல் புகையாது என்பது நம்மவர் வாக்கு. ஆனால் அந்த நெருப்பு சுவர்ப் பலகைகளுக்குப் பின்னே, கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில், முன்னேறிக்கொண்டிருந்தது.

சிப்பந்திகள் பிரயாணிகளை முன்வரிசைகளுக்கு மாற்றி, ஈரத் துண்டுகளை வழங்கி, அவற்றின் வழியே மூச்சுவிடச் சொன்னார்கள். ஈரத் துணி புகைக்கரியை ஓரளவு தடுக்கும். கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. 7.20-க்கு சின்சினாட்டி நிலையத்தில் விமானம் இறங்கிற்று. கதவுகள் திறக்கப்பட்டு ஒன்று ஒன்றரை நிமிஷத்துக்குள், உட்புகுந்த காற்றால் உள்ளறை முழுவதும் ஒரே சமயத்தில் தீப்பற்றியது. 23 பிரயாணிகள் வெளியே வரவில்லை. இறக்கையருகேயுள்ள வாயில்களைக் கடந்து, இருளில் வழி தெரியாமல், பின்பக்கம் போய்விட்ட இருவரின் உடல்களும் அங்கே கிடந்தன. இந்த ஒரு விவரமே, இன்று நடைபாதையின் இருபுறமும் தரையோடு எரியும் விளக்குகளுக்கு நியாயம் சொல்லப் போதுமானது. புகை மேலே நிற்கும், தவழ்கிறவன் கண்ணுக்குத் தரைதான் தெரியும். அவ்விளக்குகள், தீயைத் தாமதப்படுத்தும் இருக்கை உறைகள், கழிப்பறைப் புகையுணர்விகள், குப்பைத் தொட்டியிலேயே தானாக இயங்கும் அணைப்பான்கள் ஆகியவற்றுக்கான விதிகள் 1984, 1985-ஆம் வருஷங்களில் பிறந்தன.

விசாரணைக் குழு, தீயின் கடுமை குறைவாக மதிப்பிடப்பட்டதையும் கேப்டனுக்குக் கிட்டிய செய்திகளின் குறையையும் காரணங்களில் சேர்த்தது. கேப்டன்மீது முழுப் பழியையும் சுமத்துவது அநியாயம் என்பதே என் அபிப்பிராயம். புகையின் மூலத்தைத் தேடிவிட்டு முடிவு செய்வதே அக்காலத்து வழக்கம். அவர் அந்த வழக்கத்தின்படியே நடந்தார்.

அவ்வழக்கம் அத்துடன் ஒழிந்துவிடவில்லை. 1998 செப்டம்பர் 2-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் புறப்பட்ட ஸ்விஸ்ஏர் 111 விமானத்தின் விமானிகள், ஏதோ வாடையை முகர்ந்த சுமார் 20 நிமிஷங்களில், கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரையருகே தாங்கள் உட்பட 229 பேருடன் கடலில் வீழ்ந்தார்கள். புகையின் இடத்தை அறிய அவர்கள் பின்பற்ற வேண்டியிருந்த செயல்முறைப் பட்டியலை முடிக்கவே 20 முதல் 30 நிமிஷம் ஆகுமென்று விசாரணையில் தெரிந்தது. முதல் கணமே திரும்பியிருந்தாலும் அருகிலிருந்த ஹாலிபாக்ஸ் விமான நிலையத்தை எட்டியிருக்க முடியாது என்று கனடிய ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினர். எனினும் இனி வருவோருக்கு அந்த நிமிஷங்கள் மிஞ்சட்டும் என்றே அவர்கள் வற்புறுத்தினர். 2005-இல், புகை, தீ, ஆவி மூன்றுக்கும் பொதுவான மாதிரிப் பட்டியல் ஒன்று வெளியாயிற்று. வேறு நிலையத்துக்குத் திரும்பி இறங்க நேரலாம் என்ற எச்சரிக்கையை அதில் முதல் வரியாகவே வைத்தார்கள். தேடுதல் அதற்குப் பின்னர்தான் வருகிறது.