கடலடிக் கம்பி கற்பித்த கணக்கு

ஆம்ப்ளிஃபயரை ஓர் அறையிலும் ஸ்பீக்கரை அடுத்த அறையிலும் வைத்து இசை கேட்க விரும்புகிறீர்கள். இடையே எத்தனை மீட்டர் கம்பி போகலாம்? அது எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும்? சிறிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை காண மனிதன் ஒரு சமுத்திரத்தையே கடக்க வேண்டியிருந்தது!

1858 ஆகஸ்டு 5-ஆம் நாள், அயர்லாந்தையும் நியூபவுண்ட்லாந்தையும் இணைக்கும் தந்திக் கம்பி அட்லாண்டிக் கடலடியில் போட்டு முடிக்கப்பட்டது. நீளம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய வாழ்த்தில் ஏறத்தாழ 100 சொற்களே இருந்தன. அது போய்ச் சேர 16 மணி நேரம் ஆயிற்று.

ஏன் இந்தத் தாமதம்? நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றிக் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் உறை, வெளியே கடல்நீர். இந்த அமைப்பு ஒரு நீண்ட மின்தேக்கியாகிவிடுகிறது. அது நிரம்பினால்தான் மறுமுனையில் குறி தெரியும். வடிந்தால்தான் அடுத்த குறியை அனுப்பலாம். நீளம் கூடும்போது மின்தடை, மின்தேக்குத்திறன் இரண்டுமே கூடுகின்றன. ஆகவே நீளம் இரு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன் இதை 1855-லேயே எடுத்துக் காட்டியிருந்தார்.

கம்பெனியின் மின்னியலாளர் ஒயிட்ஹவுஸ் இதை ஏற்கவில்லை. 'வேகம் போதாதா? அழுத்தத்தைக் கூட்டு' என்பது அவர் வழி. சுமார் 2,000 வோல்ட் செலுத்தினார். ஏற்கெனவே பழுதுபட்டிருந்த உறை தாங்கவில்லை. சில வாரங்களில் கம்பி ஊமையாயிற்று. 3,50,000 பவுன் மூலதனம் கடலுக்குள் போயிற்று.

1866-இல் போட்ட கம்பியில் மைலுக்கு ஏறத்தாழ மும்மடங்கு எடையுள்ள செம்பு இருந்தது, உறையும் பருமனானது. மிகக் குறைந்த மின்னோட்டத்தையும் காட்டும் தாம்சனின் கண்ணாடிக் கால்வனோமீட்டர் இருந்ததால், சிறிய பாட்டரியே போதுமானதாயிற்று.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். ஸ்பீக்கர் 10 மீட்டர் தூரத்தில் இருந்தால், போக வர 20 மீட்டர் செம்பு. கம்பி 0.5 சதுர மில்லிமீட்டர் என்றால் அதன் மின்தடை சுமார் 0.7 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சேரவேண்டிய மின்னழுத்தத்தில் 8 சதவீதம் வழியிலேயே வீணாகும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு.

பாட்டுக் கருவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் மெல்லிய கம்பியில் மின்தேக்குத்திறனைக் கவனிக்க வேண்டும். அது அளவுக்கு மீறி நீண்டால், உச்ச சுருதிகள் மங்கும். ஆகவே இதைக் குட்டையாக வைத்து, ஸ்பீக்கர் கம்பியை நீட்டுங்கள்.

மின் இணைப்பிலும் ஓர் எச்சரிக்கை. கருவிகளை வெவ்வேறு சுவர்ப் பிளக்குகளில் செருகினால், எர்த்துக்கு இரண்டு வழிகள் ஏற்பட்டு 'உம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் ஒலி கலக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பலகையில் இணைத்துப் பாருங்கள். எர்த் முள்ளை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

ஒலி குறைந்தால் உடனே குமிழைத் திருகத் தோன்றும். ஒயிட்ஹவுஸும் அதைத்தான் செய்தார். முதலில் கம்பியைக் கணக்கிட்டுப் பாருங்கள்.