விருந்தும் துக்கமும்

அமெரிக்காவின் நன்றி நவிலல் நாளெண்டா நமக்கு வான்கோழிதான் ஞாபகம். 1621 அறுவடைக்குப் பிறகு பிளிமத்தில ஆங்கிலேயக் குடியேறிகள் வைத்த விருந்துக்கு, வம்பனோக் பூர்வகுடிகளின் தலைவர் மசசோயிட் 90 பேரோட வந்தார். வந்தவர்கள் 5 மான் வேட்டையாடிக் கொடுத்தார்கள். மூன்று நாள் சாப்பாடு. குடியேறிகளுக்குச் சோளம் விதைக்கப் பழக்கியதும் பூர்வகுடிகள்தான்.

பள்ளிக்கூட நாடகங்கள் இந்த இடத்தில முடிஞ்சிடும். பிறகு நிலம் பறிபோகப் போகப் போர் வெடித்தது. 1676இல் மசசோயிட்டின் மகன் மெட்டாகொம் கொல்லப்பட்டார். அவரது தலை பிளிமத்துக்கு வந்த அன்றும் அங்க நன்றி நவிலல் நாள்தான்! கம்பத்தில குத்தி வருசக்கணக்கா வச்சிருந்தாங்கள்.

1863இல் லிங்கன் இதை நாடு முழுக்கக் கொண்டாட அழைத்தார். 1970இல் பிளிமத் விழாவில பேச வம்பனோக்கரான வம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் எழுதிய உரையை ஏற்பாட்டாளர்கள் மறுத்தார்கள். அந்த வருசத்திலிருந்து, நவம்பர் நான்காம் வியாழனில், பூர்வகுடிகள் மசசோயிட் சிலையடியில கூடித் துக்க நாள் அனுசரிக்கினம்.