பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: மணலோடு போன கதை

ராயபுரத்துக்கும் பாரசீகத்துக்கும் என்ன சம்பந்தம்னு யாராவது கேட்டா, நடுவுல பர்மா பஜார் இருக்குன்னு சொல்லுவேன். ராயபுரத்துல ரயில் ஏறினா அடுத்த ஸ்டேஷன் பீச். வெளியே வந்து ராஜாஜி சாலையைப் பிடிச்சா, பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969ல் வந்த கடை வரிசை. வாட்ச், சென்ட், கேமரான்னு வித்துட்டு இருந்த கடைகள்ல 2000களில் சிடியும் அப்புறம் டிவிடியும் மலை மாதிரி குவிஞ்சது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பசங்க வீட்டுக்கு பாரசீக இளவரசன் வந்து சேர்ந்தது அந்த வழியாத்தான். பிளாஸ்டிக் கவர், கலர் ஜெராக்ஸ் அட்டை, உள்ளே ஒரு நோட்பேட் ஃபைல்ல கிராக் பண்றது எப்படின்னு குறிப்பு.

அந்த சிடியில இருந்த கேமைத்தான் 2020ல நம்ம நாட்டு ஆளுங்க, புனேவிலும் மும்பையிலும், திரும்பச் செய்யறதா அறிவிச்சாங்க. ரெண்டு ஊரையும் ரசிகர்கள் துவைச்சு காயப் போட்டாங்க. வேலை கைமாறிச்சு. கடைசியில 2026 ஜனவரி 21 அன்னிக்கு யூபிசாஃப்ட் மொத்தமா கடையை மூடிட்டதா சொல்லிடுச்சு. இந்தக் கதையில யார் மேல பழி விழுந்தது, யார் மேல விழலைங்கறதுல எனக்கு ஒரு கணக்கு தீரவே இல்லை. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் பெரிய கொசுவத்தி, பொறுத்துக்கங்க மக்களே :-)

முதல்ல 1989. ஜோர்டன் மெக்னர்ங்கற இளைஞர், கல்லூரியில படிக்கும்போதே 'கராத்தேக்கா'ன்னு ஒரு ஹிட் கேம் எழுதினவர், அடுத்ததா ஆயிரத்தோரு இரவுகள் பாணியில ஒண்ணு செய்ய உக்காந்தார். 1985ல தன் தம்பி டேவிடை வெள்ளை டிரஸ் போடச் சொல்லி, ஒரு கார் பார்க்கிங்ல ஓட விட்டு, குதிக்க விட்டு, வீடியோ எடுத்தார். அதை ஒவ்வொரு ஃப்ரேமா பார்த்து வரைஞ்சதுதான் இளவரசனோட அந்த நடை. வாள் சண்டைக்கு 1938ல வந்த ராபின் ஹூட் படத்து கிளைமாக்ஸ். இசை அவங்க அப்பா பிரான்சிஸ் மெக்னர், தொழில்ல மனோதத்துவக்காரர். குடும்பப் படம் மாதிரி குடும்ப கேம்!

ஆப்பிள் 2 கம்ப்யூட்டர்ல அவருக்கு இருந்த மெமரி ரொம்பக் கம்மி. நாம இப்ப ஒரு பட்டனுக்கு போடற ஐகான் அதைவிட பெருசு. எதிரிக்குன்னு தனியா படம் வரைய இடமில்லை. என்ன செஞ்சார்? இளவரசனோட படத்தையே ஒரு பிட் நகர்த்தி, அதுமேல எக்ஸ்-ஆர் போட்டார். கறுப்பா, மினுமினுன்னு ஒரு நிழல் மனுஷன் வந்துட்டான். அவனே கதையில இளவரசனோட எதிரியும் ஆயிட்டான். படிக்கும்போது எக்ஸ்-ஆர் கேட்டை பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் பண்ணின என்னை மாதிரி ஆளுங்க இதைக் கேட்டா கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்போம்.

அமெரிக்காவுல அது முதல்ல சரியா போகலை. ஆப்பிள் 2 அப்போ சாகற நிலைமையில இருந்த மிஷின். 1990ல டாஸ் வந்தது, ஐரோப்பா, ஜப்பான்னு பரவிச்சு, அப்படியே இந்தியாவுக்கும். நம்ம ஸ்கூல் லேப் தலைமுறைக்கு அது பிளாப்பியில வந்த 'பிரின்ஸ்'. அந்த ஒத்தை வார்த்தைதான் பேரு. ஒரிஜினல்ல ஆரம்பக் கட்டம் தாண்டினதும் ஒரு ரூம் வரும், நிறைய குடுவை இருக்கும், புத்தகத்துல இத்தனாவது பக்கம் இத்தனாவது வரியில இருக்கற வார்த்தையோட முதல் எழுத்து எதுவோ அந்தக் குடுவையைக் குடின்னு கேட்கும். காசு குடுத்து வாங்கினவன்கிட்டதான் புத்தகம் இருக்கும்ங்கறது கணக்கு. நம்ம ஊர்ல புத்தகத்தைப் பார்த்தவனே கிடையாது. ஆனா 'மெகாஹிட்'னு சேர்த்து டைப் பண்ணி ஷிஃப்ட்-எல் தட்டினா அடுத்த லெவலுக்குத் தாவலாம்ங்கறது எல்லா லேபுக்கும் தெரிஞ்சிருந்தது. காப்பிரைட் வரலை, சீட் கோட் மட்டும் கரெக்டா கடல் தாண்டி வந்துடுச்சு பாருங்க.

1993ல ரெண்டாம் பாகம். 1999ல முப்பரிமாணத்துல ஒண்ணு, அது ஊத்திக்கிச்சு. செத்துப்போன பேருன்னு எல்லாரும் நினைச்சப்போதான், 2003 கடைசியில யூபிசாஃப்டோட மாண்ட்ரியல் ஸ்டுடியோ 'சேண்ட்ஸ் ஆஃப் டைம்' கொண்டு வந்தது. கதை எழுதினது அதே மெக்னர்.

இதைப் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும். கதை ஆரம்பிக்கறதே இந்தியாவுல. பாரசீக ராஜா ஷராமானும் அவர் மகனும் ஒரு மகாராஜாவோட அரண்மனையைக் கொள்ளையடிக்கறாங்க. மகாராஜாவோட வசீரே காட்டிக் குடுக்கறான். பையன் உள்ளே புகுந்து ஒரு கத்தியை எடுக்கறான். மகாராஜாவோட பொண்ணு ஃபாராவை சிறைபிடிச்சு, பெரிய மணல் கடிகாரத்தோட சேர்த்து, ஆசாத் சுல்தானுக்குப் பரிசா கொண்டு போறாங்க. அங்கே வசீர் பேச்சைக் கேட்டு பையன் கத்தியை கடிகாரத்துல சொருக, மணல் வெடிச்சு எல்லாரும் பேயா மாறிடறாங்க. மிச்சம் இருக்கறது அவன், ஃபாரா, வசீர், மூணே பேர். மொத்த கேமும் இளவரசன் யாருக்கோ சொல்ற கதை மாதிரி போகும். நீங்க பள்ளத்துல விழுந்து செத்தா, இல்லை இல்லை, அப்படி நடக்கலைன்னு அவன் குரல் திருத்தும். அந்தக் கதையை அவன் யாருக்கு சொல்றான்ங்கறது கடைசியில தெரியும்போது சிலிர்க்கும் (ஆடாதவங்களுக்காக சொல்லாம விடறேன்).

கத்தியில இருக்கற மணலை வெச்சு நேரத்தைப் பின்னாடி ஓட்டலாம். தப்பா குதிச்சா ஒரு பட்டன், திரும்ப சுவர் மேல. அப்போதைக்கு அது மந்திரம். ஆனா சேவ் பண்றது அங்கங்கே எழும்பற மணல் தூண்ல மட்டும்தான். 2012 வாக்குல சென்னையிலயே தினம் ரெண்டு மணி நேரம் கரண்ட் கட். எண்ணூர் அனல்மின் நிலையத்தோட புகைபோக்கியைப் பார்த்துக்கிட்டே வளர்ந்த ஏரியாவுல, தூணுக்குப் பத்தடி முன்னாடி கரண்ட் போகும். இளவரசன் நேரத்தைத் திருப்புவான். நமக்கு மின்வாரியம்தான் திருப்பணும்.

இன்னொரு விஷயம், இது பின்னாடி தேவைப்படும். 2003 கேம் ஓடணும்னா ஷேடர் வசதி உள்ள கிராபிக்ஸ் கார்டு வேணும். நம்ம ஊர்ல அப்போ பாதி வீட்ல இன்டெல் ஆன்போர்டு. கொஞ்சம் வசதியானவங்க வீட்ல ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ். ரெண்டுலயும் ஓடாது. அதுக்கு 3டி-அனலைஸ்னு ஒரு சின்ன புரோகிராம் கை மாறிட்டு இருந்ததா எங்க அண்ணன் செட்டு சொல்லும். கார்டுல இல்லாததை இருக்கற மாதிரி ஏமாத்தும். ஓடும், ஆனா நத்தை வேகத்துல, பாதி வெளிச்சம் இல்லாம, அங்கங்கே கறுப்புத் திட்டா. அப்படிப் பார்த்தவங்க மனசுலயும் அந்த அரண்மனை தகதகன்னுதான் பதிஞ்சிருக்கு.

அப்புறம் வந்த ஒவ்வொண்ணையும் ரசிகர்கள் முதல் பார்வையில திட்டித்தான் வரவேத்தாங்க. 2004ல 'வாரியர் விதின்' - ரத்தம், மெட்டல் பாட்டு, சிடுசிடு இளவரசன். அந்தப் போக்கு தனக்குப் பிடிக்கலைன்னு மெக்னரே சொன்னார். (எங்க ஏரியா பசங்களுக்கு அதுதான் உயிர், அது வேற கதை.) 2005ல 'டூ த்ரோன்ஸ்'ல கொஞ்சம் பழைய பாணிக்குத் திரும்பினாங்க. 2008ல எலிகாங்கற பொண்ணு ஒவ்வொரு தடவையும் கையைப் பிடிச்சு தூக்கிடுவா, சாகவே முடியாதுன்னு கோபம். 2010ல ஹாலிவுட் படமும் கூடவே ஒரு கேமும். அதுக்கப்புறம் பெரிய கேமே இல்லாம நீண்ட இடைவெளி. இந்த வரிசைக்காக ஆரம்பிச்ச ஒரு ஐடியாதான் 2007ல 'அசாசின்ஸ் க்ரீட்' ஆச்சு. பிள்ளை வளர்ந்து பெத்தவனையே ஓரங்கட்டிட்டான்.

இப்ப மேட்டருக்கு வருவோம். 2020 செப்டம்பர் 10. 'சேண்ட்ஸ் ஆஃப் டைம்' ரீமேக்னு ஒரு ட்ரெய்லர். செய்யறது யூபிசாஃப்ட் புனே, மும்பை. புனே ஸ்டுடியோ 2008ல கேம்லாஃப்ட் கிட்டேருந்து வந்தது, மும்பை 2018ல ஆரம்பிச்சது. அதுவரைக்கும் அவங்களுக்கு வந்த வேலை எப்படிப்பட்டதுன்னு நம்ம ஃபீல்டுல இருக்கறவங்களுக்கு சொல்லித் தெரிய வேண்டாம். 'ஜஸ்ட் டான்ஸ்' வரிசையில பங்கு, வெளியே செஞ்ச கேமுக்கு டெஸ்டிங், துணை வேலை. அதாவது அடுத்தவன் வீட்டு ஆணி. முதல் தடவையா ஒரு பெரிய பேரை முழுசா கையில குடுத்தாங்க. அதுவும் எது? இந்திய அரண்மனையில ஆரம்பிச்சு, இந்தியப் பொண்ணு நாயகியா வர்ற கதை. பழைய குரல் யூரி லோவெந்தாலே திரும்ப வந்தார். வெளியீடு 2021 ஜனவரி 21னு தேதியும் போட்டாங்க.

ரெண்டே நிமிஷம்தான். பிஎஸ்2 காலத்து கேம் மாதிரி இருக்கு, மூஞ்சியெல்லாம் களிமண்ணுன்னு கொட்டித் தீர்த்துட்டாங்க. அது வேணும்னே எடுத்த கலை பாணி, மாயக்கதை மாதிரி இருக்கணும்னு செஞ்சதுன்னு இயக்குநர் விளக்கம் சொன்னதும் எடுபடலை.

நானும் அந்த ட்ரெய்லரை நிறைய தடவை பார்த்திருக்கேன். முகம் நல்லா இல்லைதான், அதுல மழுப்ப ஒண்ணும் இல்லை. ஆனா பழசைவிட மோசம்னு சொன்னாங்களே, அங்கேதான் இடிக்குது. பழசை இன்னிக்கு போட்டுப் பாருங்க. இளவரசனோட விரல்கள் ஒட்டிப்போய் இருக்கும். ஃபாரா முகத்துல உணர்ச்சி கிடையாது. 2003ல மாண்ட்ரியல்காரங்க கெட்டிக்காரத்தனமா செஞ்சது என்னன்னா, எல்லாத்து மேலயும் ஒரு மஞ்சள் புகை வெளிச்சத்தைப் பூசிட்டாங்க. கனவு மாதிரி இருக்கும், குறையும் தெரியாது. ரீமேக்ல விளக்கை பளிச்சுன்னு போட்டுட்டாங்க. கல்யாண வீட்டு டியூப்லைட்ல மேக்கப் தெரியற மாதிரி எல்லாம் தெரிஞ்சிடுச்சு. இதுதான் என் கட்சி. குறை இருந்தது, ஆனா அது வெளிச்சத்துலயும் முகத்துலயும் இருந்த குறை, சரி பண்ணக்கூடியது. அவங்க தோத்தது 2003 கேம்கிட்ட இல்லை, அதைப் பத்தி நம்ம மனசுல இருந்த படத்துகிட்ட. 3டி-அனலைஸ்ல கறுப்புத் திட்டோட பார்த்தவன் மனசுலயே தகதகன்னு இருக்குன்னா, ஒழுங்கான கார்டுல பார்த்தவன் மனசுல எப்படி இருக்கும்?

இன்னொரு வகை பேச்சு வந்தது. அதான் எனக்கு ஆறலை. புனே, மும்பைன்னு ஊர் பேரையே காரணமா சொன்னாங்க. இந்தியாவுக்குக் குடுத்தா இப்படித்தான், செலவைக் குறைக்கக் குடுத்திருக்காங்க, அவ்வளவுதான்னு முடிச்சுட்டாங்க. வெள்ளைக்காரங்க மட்டும் இல்லை, நம்மாளுங்களும் அதே. சொல்லப்போனா நம்மாளுங்கதான் ரொம்ப சத்தமா.

தேதி முதல்ல 2021 மார்ச்சுக்குப் போச்சு. ஊரடங்கு வருஷம், ஆளாளுக்கு ஒரு இடத்துல உக்காந்து வேலை செஞ்சதை கம்பெனியும் சொல்லிச்சு. பிப்ரவரியில, உங்க கருத்தெல்லாம் கேட்டுக்கிட்டோம்னு சொல்லி தேதியே இல்லாம தள்ளினாங்க. 2022 மே மாசம் வேலை மாண்ட்ரியலுக்குப் போச்சு. ஒரிஜினலை செஞ்ச அதே ஸ்டுடியோ. தாய்வீடு போயிடுச்சு, இனிமே கவலை இல்லைன்னு ரசிகர்களுக்கு நிம்மதி. 2022லயே முன்பதிவு காசையும் திருப்பிக் குடுத்தாங்க. 2023ல கேட்டா, இன்னும் ஆரம்பத் திட்டமிடல்லதான் இருக்கோம்னாங்க. 2024 ஜூன்ல ஒரு மெழுகுவர்த்தி எரியற டீசர், 2026ல வரும்னு. வரலை. புனே டீமுக்கு முதல்ல குறிச்ச வெளியீட்டு தேதிக்கு சரியா அஞ்சு வருஷம் கழிச்சு, அதே ஜனவரி 21ல, கம்பெனி மறுசீரமைப்புன்னு சொல்லி ஆறு கேமை ரத்து பண்ணினாங்க. அதுல இதுவும் ஒண்ணு.

இப்ப என் கணக்கு. புனே, மும்பை ஒரு ட்ரெய்லராவது காமிச்சாங்க. மாண்ட்ரியல் கிட்டத்தட்ட நாலு வருஷம் வெச்சிருந்து ஒரு மெழுகுவர்த்தி காமிச்சாங்க. ஆனா மாண்ட்ரியல்காரன் செஞ்சா இப்படித்தான்னு ஒரு ஆள் சொல்லி நான் பார்க்கலை. அப்போ மட்டும் பங்குச்சந்தை, நிர்வாகம், தரக் கட்டுப்பாடுன்னு காரணம் எல்லாம் பெரிய மனுஷத்தனமா வருது.

முதல் பார்வை எவ்வளவு நம்பகம்ங்கறதுக்கு நடுவுலயே ஒரு உதாரணம் இருக்கு. 2023 ஜூன்ல 'லாஸ்ட் கிரவுன்' ட்ரெய்லர் வந்தப்போ, பாட்டு சரியில்லை, ஹீரோ தலைமுடி சரியில்லை, இளவரசனே இல்லைன்னு அதே கும்மி. பிரான்ஸ்ல மான்பெல்லியே ஸ்டுடியோ செஞ்சது. 2024 ஜனவரியில வெளிவந்ததும் விமர்சகர்கள் தூக்கி வெச்சு கொண்டாடினாங்க. பாரசீக மொழியிலயே குரல் குடுத்திருந்தாங்க, இந்த வரிசையில அதுவே பெரிய விஷயம். விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லைன்னு அந்த டீமையும் கலைச்சுட்டாங்கங்கறது வேற சோகம். ஆனா அவங்களுக்கு முழுசா முடிச்சுக் காட்ட ஒரு வாய்ப்பு இருந்தது. புனே, மும்பைக்கு ரெண்டு நிமிஷம்தான்.

2003 கேம் இன்னமும் விலைக்குக் கிடைக்குது, சிடி ஜெராக்ஸ் அட்டை இல்லாம ஒழுங்கா காசு குடுத்தே வாங்கலாம். புது கிராபிக்ஸ் கார்டுல போட்டா புகை எஃபெக்ட் சொதப்பும், ஆப்ஷன்ல போய் ஃபாக்கை அணைச்சுடுங்க. மெக்னரோட 1989 சோர்ஸ் கோடு தொலைஞ்சு போச்சுன்னு எல்லாரும் நினைச்சப்போ, 2012ல அவங்க அப்பா வீட்டு அலமாரியில ஒரு டப்பாவுல பிளாப்பியா கிடைச்சது. மெக்னர் அதை எல்லாரும் பார்க்கற மாதிரி வெளியிட்டுட்டார். நிழல் மனுஷனோட எக்ஸ்-ஆர் உட்பட எல்லாம் அதுல இருக்கு. புனேகாரங்க செஞ்ச அந்த பில்டும் ஒரு நாள் இப்படி எந்த டப்பாவிலிருந்தாவது வெளியே வந்தா, டியூப்லைட் வெளிச்சத்தோடவே முதல்லேருந்து கடைசி வரைக்கும் ஒரு தடவை ஆடிப் பார்க்கணும்.