ஒரே ஆய்வு, இரண்டு விடைகள்: ஒரு மூளைக்கட்டியின் வரலாறு

1926-இல் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் கிளையோமா வகை மூளைக்கட்டிகளை, நுண்ணோக்கியில் தெரிந்த உயிரணுத் தோற்றத்தைக் கொண்டு வகைப்படுத்தினர். எந்தக் கட்டி உடையவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்பதும் அந்நூலின் கேள்வியாக இருந்தது. தோற்றத்தைக் கொண்டு வாழ்நாளைக் கணிக்கும் இம்முறை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கோலோச்சியது. அது தளர்ந்த வரலாற்றில் ஆலிகோடென்ட்ரோகிளையோமா என்னும் அரிய கட்டிக்குத் தனியிடம் உண்டு.

1988-இல் கனடாவின் லண்டன் நகர மருத்துவர்களான கிரிகோரி கேர்ன்கிராஸும் டேவிட் மெக்டொனால்டும், மீண்டும் வளர்ந்த இவ்வகைக் கட்டிகள் கீமோதெரபியால் சுருங்கியதைப் பதிவு செய்தனர். மூளைக்கட்டிக்கு மருந்தால் பெரும்பயன் இல்லை என்று கருதப்பட்ட காலம் அது. ஆயினும், ஒன்றுபோலத் தோன்றும் கட்டிகளுள் எது மருந்துக்கு இணங்கும் என்பதை நுண்ணோக்கி சொல்லவில்லை. 1998-இல் கேர்ன்கிராஸும் டேவிட் லூயிஸும் தம் குழுவினருடன் 39 நோயாளிகளின் கட்டிகளை மரபணு நிலையில் ஆராய்ந்தனர். முதலாம் குரோமோசோமின் குறுங்கையும் 19-ஆம் குரோமோசோமின் நெடுங்கையும் ஒருசேர இழக்கப்பட்ட கட்டிகள் மருந்துக்கு இணங்கின. அந்நோயாளிகள் நெடுநாள் வாழ்ந்தனர்.

இங்கே இரு கேள்விகளைப் பிரித்தறிய வேண்டும். எச்சிகிச்சை பெற்றாலும் ஒருவர் நெடுநாள் வாழ்வார் என்று சொல்வது முன்கணிப்புக் குறியீடு. குறிப்பிட்ட சிகிச்சையால் அவர் பயன்பெறுவார் என்று சொல்வது பலன்கணிப்புக் குறியீடு. இந்த இழப்பு இவற்றுள் எது?

விடை தரவேண்டிய ஆய்வு 1994-லேயே தொடங்கியிருந்தது. ஆர்.டி.ஓ.ஜி. 9402 என்னும் அவ்வட அமெரிக்க ஆய்வில் 291 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு மட்டும். மற்றவர்க்குப் புரோகார்பசீன், லோமுஸ்டின், வின்கிறிஸ்டின் ஆகிய மூன்று மருந்துகளுக்குப் பின் கதிர்வீச்சு. 2006-இல் முடிவு வெளியாயிற்று. இடைநிலை வாழ்நாள் மருந்து பெற்றவர்க்கு 4.9 ஆண்டுகள், பெறாதவர்க்கு 4.7 ஆண்டுகள். மருந்தின் நச்சு விளைவுகளோ கடுமையாக இருந்தன. குரோமோசோம் இழப்புடையோர் இரு பிரிவிலுமே நெடுநாள் வாழ்ந்தனர். ஆகவே அது வெறும் முன்கணிப்புக் குறியீடே என்றும், தொடக்கத்திலேயே மருந்து தருவதால் வாழ்நாள் கூடவில்லை என்றும் தோன்றியது.

ஆய்வாளர்கள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். 2012-இல் அதே ஆய்வு வேறு விடை தந்தது. இழப்புடைய கட்டி இருந்தவர்களுள் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்க்கு இடைநிலை வாழ்நாள் 7.3 ஆண்டுகள், மருந்தும் பெற்றவர்க்கு 14.7 ஆண்டுகள். இழப்பு இல்லாதவர்க்கு அது 2.7, 2.6 ஆண்டுகள், அதாவது இடைநிலை வாழ்நாளில் வேறுபாடே இல்லை. மார்ட்டின் வான் டென் பென்ட் தலைமையிலான ஐரோப்பிய ஆய்வும் இதே திசையைக் காட்டியது.

2006-இன் கணக்கில் பிழை இல்லை. கேள்விக்குரிய காலம்தான் போதவில்லை. பயன்பெறக்கூடியவர்கள் மருந்தின்றியும் ஏழாண்டுகள் வாழக்கூடியவர்கள். ஐந்தாம் ஆண்டில் இரு பிரிவிலும் அவர்களுள் பெரும்பாலோர் உயிருடன் இருந்தனர். அதுவரை நிகழ்ந்த இறப்புகளுள் பெரும்பகுதி, மருந்தால் பயன்பெற வாய்ப்பில்லாதவர்களுடையது. எல்லோரையும் ஒன்றாக்கிய சராசரி, ஒரு குழுவினரின் பெரும்பயனை மறைத்துவிட்டது. கட்டித் திசுக்கள் சேமிக்கப்படாதிருந்தாலோ, கண்காணிப்பு 2006-உடன் நின்றிருந்தாலோ, வாழ்நாளை இரட்டிப்பாக்கும் ஒரு சிகிச்சை பயனற்றதென்று கைவிடப்பட்டிருக்கும்.

2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் வகைப்பாட்டை மாற்றியது. ஐ.டி.எச். மரபணுத் திரிபும் இந்த இரட்டை இழப்பும் சேர்ந்திருந்தால் மட்டுமே ஒரு கட்டி உறுதியாக ஆலிகோடென்ட்ரோகிளையோமா எனப்படும். குறியீடே நோயின் இலக்கணம் ஆயிற்று. அச்சோதனை செய்ய இயலாத இடங்களுக்காக, 'மேலும் வரையறுக்கப்படாதது' என்னும் பின்னொட்டும் தரப்பட்டது. இந்தியா போன்ற நாட்டில் அச்சிறு பின்னொட்டின் பொருள் பெரிது: சோதனைக்கு வழியற்ற ஊரில் நோயாளியின் திசு இன்றும் 1926-இன் கண்களாலேயே படிக்கப்படுகிறது.