மருந்து என்னும் சொல்

எங்கள் புதூர்ப் பக்கம் பருத்திக்கு அடிப்பதும் மருந்து. தீக்குச்சித் தலையில் இருப்பதும் மருந்து. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. கொல்வதா காப்பதா என்பதை இடம் பார்த்துப் பெண்கள் புரிந்துகொள்வார்கள். ஆஸ்பத்திரிக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: குணமாக்குவது. அந்த நம்பிக்கையை வைத்து என்ன செய்யலாம் என்பதற்குத் திருவனந்தபுரத்தில் ஒரு வரலாறு உண்டு.

அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு நம் தென்மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். 1999 நவம்பருக்கும் 2000 ஏப்ரலுக்கும் இடையில் அங்கே 26 பேரின் கட்டிகளுக்குள் எம்4என், ஜி4என் என்ற சோதனை வேதிப்பொருள்கள் ஊசியாக ஏற்றப்பட்டன. வெற்றிலையோடு புகையிலை அதக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வருகிற அதே வாய்ப்புற்றுதான் அவர்களுக்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து நடந்த சோதனை அது. மையத்திலேயே பணியாற்றிய டாக்டர் வி.என். பட்டதிரி எதிர்ப்புத் தெரிவித்தார். 2001இல் விஷயம் நாளிதழ்களுக்கு வந்தது. கையெழுத்து வாங்கினோம் என்றது மையம். இது சோதனை என்றே தெரியாது என்றார்கள் நோயாளிகள் சிலர். தன் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்படவில்லை என்று ஹாப்கின்ஸே விசாரித்து ஒப்புக்கொண்டது.

சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்றுள்ள ஒவ்வொரு கீமோ மருந்தையும் யாரோ ஒருவர் முதலில் உடம்பில் வாங்கியிருக்கிறார். ஆனால் முதற்கட்டச் சோதனை கேட்கும் கேள்வியே வேறு. இது குணமாக்குமா என்பதல்ல, உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதே அது. மற்ற மருந்துகளைப் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களிடம் முதலில் சோதிப்பார்கள். புற்றுநோய் மருந்து நஞ்சும் ஆனதால், வேறு சிகிச்சை பலிக்காத நோயாளிகளிடம் போகிறார்கள். முதல் சிலருக்குச் சிறு அளவு. அவர்கள் தாங்கினால் அடுத்தவர்களுக்குக் கூட்டுவார்கள். முதலில் வருபவருக்குக் கிடைப்பது பலன் தரும் அளவாகக்கூட இல்லாமல் போகலாம். இதைச் சொல்லாமல் 'புது மருந்து' என்று மட்டும் சொன்னால் அது பாதிப் பொய்.

சட்டம் பிறகு இறுகியது. 2013இல் ஒப்புதலை வீடியோவில் பதியச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எங்கள் வீடுகளிலோ அம்மாவின் நோய் மகனுக்குத்தான் முதலில் தெரியும். ஃபைலும் அவன் பையில் இருக்கும். டாக்டர் கேட்டால் "நீங்க பாத்துச் செய்ங்கய்யா" என்பாள் அவள். கேமரா அதைச் சம்மதமாகவே பதியும்.

வகுப்பில் மாணவிகளிடம் ஒப்புதல் படிவத்தைப் பேச்சுத் தமிழில் எழுதச் சொல்வேன். ஒருத்தி இரண்டே வரி எழுதியிருந்தாள்: "இதுக்கு முன்னால எத்தன பேருக்குப் போட்டீங்க? நான் எத்தனாவது ஆளு?"