அசையும் கருவைப் படமெடுத்த கதை

கருவை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம் என்பது புதிய யோசனை இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஜான் மல்லார்டு குழு 1980-ல் முழு உடல் ஸ்கேனரில் முதல் நோயாளியைப் படமெடுத்தது. 1983-லேயே கர்ப்பிணிகளின் படங்களை அதே ஊர் மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் வெளியிட்டுவிட்டார்கள். பிறகு ஏன் இது பரவ இவ்வளவு காலம்?

காரணம் ரொம்ப சாதாரணம்: கரு சும்மா இருக்காது. அன்றைய மெஷினுக்கு ஒரு படம் எடுக்க நிமிஷக் கணக்கில் நேரம் வேண்டும். அதற்குள் குழந்தை கையைக் காலை ஆட்டினால் படம் கலங்கிப்போகும். 1980களில் சில மருத்துவர்கள் தொப்புள்கொடி ரத்தக்குழாயில் ஊசி போட்டு, குழந்தையின் தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைத்துப் படமெடுத்தார்கள். ஒரு படத்துக்காக இவ்வளவு ரிஸ்க்!

விடை நாட்டிங்காமில் இருந்தது. பீட்டர் மான்ஸ்ஃபீல்டு 1977-லேயே அதிவேகப் படமெடுப்பு முறை ஒன்றை முன்வைத்திருந்தார் (2003-ல் இவருக்கும் பால் லாட்டர்பருக்கும் நோபல் பரிசு). 1990களில் ஒரு வெட்டுப்படத்தை ஒரு நொடிக்குள் எடுக்கும் முறைகள் நடைமுறைக்கு வந்தன. மயக்கவும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

வயிற்றுப் பகுதியில்தான் சுவாரசியம். கர்ப்பிணிகளுக்குக் கடோலினியம் சாயத்தைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். ஆனால் கருவின் குடலில் இயற்கையே ஒரு சாயத்தை வைத்திருக்கிறது: மெக்கோனியம், நம் பாட்டிமார் சொல்லும் காட்டுப்பீ. டி1 வகைப் படத்தில் இது பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சிறுநீர் கறுப்பாகத் தெரியும். டி2 படத்தில் நிலைமை தலைகீழ். அதனால் வயிற்றில் தெரியும் ஒரு நீர்க்கட்டி குடலைச் சேர்ந்ததா, சிறுநீர்ப்பாதையைச் சேர்ந்ததா என்று பிரித்தறிய வழி கிடைக்கிறது.

உதரவிதானத்தில் ஓட்டை உள்ள குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். குடல் மட்டும் மார்புக்குள் ஏறியிருக்கிறதா, கல்லீரலும் ஏறியிருக்கிறதா? அல்ட்ராசவுண்டில் கல்லீரலும் நுரையீரலும் பல சமயம் ஒரே மாதிரி தெரியும். எம்.ஆர்.ஐ.யில் கல்லீரல் தனியாகத் தெரிகிறது. நுரையீரலின் கொள்ளளவையும் கணக்கிடலாம். கல்லீரல் மேலே ஏறி, நுரையீரலும் சிறுத்திருந்தால் குழந்தைக்கு ஆபத்து அதிகம். பிரசவத்தை எந்த ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வது, பெற்றோரிடம் என்ன சொல்வது என்பதெல்லாம் இந்த விடையைப் பொறுத்தது.

முதல் பரிசோதனை இன்றும் அல்ட்ராசவுண்டுதான். அதில் சந்தேகம் தீராதபோதுதான் எம்.ஆர்.ஐ. வருகிறது.