பாலத்தின் அடியில் பாய்மரம்: சிங்கப்பூர் ஆற்றுப் படகுத் தொழிலும் தமிழரும்

முன்னுரை

சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு என்றவுடன் நம் மாணவர்களின் எண்ணம் தேக்காவிற்கும் சிராங்கூன் சாலைக்கும் செல்வது இயல்பு. ஆயினும், தமிழர் இத்தீவில் தொடக்கக் காலத்தில் குடியமர்ந்து தொழில் செய்த இடங்களுள் சிங்கப்பூர் ஆற்றங்கரை முதன்மையானது. அவர்கள் அங்குச் செய்த தொழில்களுள் ஒன்று படகோட்டுதல். நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கி ஆற்றுக்குள் கொண்டு வந்தவர்கள் இப்படகோட்டிகளே. இக்கட்டுரை அத்தொழிலின் மிகச் சிறிய கூறு ஒன்றை, அதாவது பாய்மரத்தை ஏற்றுவதையும் இறக்குவதையும், ஆராய எடுத்துக்கொள்கிறது. ஆற்றின் குறுக்கே எழுந்த பாலங்கள் யாருடைய வழியை எளிதாக்கின, யாருடைய வழியைக் கடினமாக்கின என்பதை இக்கூறு விளக்கும் என்பது நம் கருத்து.

சங்க இலக்கியச் சான்று

பாய்மரத்தைக் களைதல் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. புறநானூற்றின் 30ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடுமிடத்து, காவிரி புகும் முகத்துறையில் பெருங்கலங்கள் கூம்பையும் பாயையும் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் உள்ளே புகுந்ததாகக் குறிப்பிடுகிறார். கூம்பு என்பது பாய்மரம். துறையின் ஆழத்தையும் அகலத்தையும் புலப்படுத்தவே புலவர் இதனைக் கூறினார். அவர் கூற்றை மறுதலையாக நோக்கினால் வேறோர் உண்மை விளங்கும். ஆற்றுமுகத்துள் நுழையும் கலம் பாய்மரத்தைக் களைவதும் பாரத்தைக் குறைப்பதும் பிற துறைகளில் வழக்கமாக இருந்திருத்தல் வேண்டும். களைய வேண்டாத துறையே பாடுதற்குரிய பெருமையாயிற்று.

பாய்மரத்தைச் சாய்க்கும் முறை

சிறு படகில் பாய்மரத்தை அகற்ற இரு வழிகள் உண்டு. ஒன்று, அதனைக் குழியிலிருந்து நேரே தூக்கி எடுத்துக் கிடத்துதல். கட்டுமரம் போன்ற சிறு கலங்களின் இலேசான மரத்திற்கு இம்முறை போதுமானது. மரம் கனமாக இருப்பின், ஆடும் படகில் நின்றுகொண்டு அதனைத் தூக்குவது இடர்மிக்க செயலாகும். மற்றொன்று, மரத்தின் அடியை இருபுறமும் நிற்கும் இரு தாங்குகட்டைகளுக்கிடையே நிறுத்தி, குறுக்கே ஓர் அச்சாணியைச் செருகி, அதனைச் சுழல்மையமாகக் கொண்டு மரத்தைப் பின்னோக்கிச் சாய்த்தல்.

இரண்டாம் முறையிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. மரம் நிமிர்ந்து நிற்கும்போது முன்கயிற்றின் இழுப்பு சிறிதே போதும். மரம் படுக்கும் நிலையை அடையும்போது கயிறும் மரமும் ஒரே கோட்டில் வந்துவிடுவதால், எவ்வளவு இழுத்தாலும் மரம் எழாது. இதனை நீக்க, மரத்தின் அடியிலிருந்து முன்னோக்கி நீளும் ஒரு முட்டுக்கோலைப் பொருத்தி, முன்கயிற்றை அதன் நுனி வழியாகச் செலுத்துவர். மரம் படுக்கும்போது இக்கோல் நிமிர்ந்து நின்று, கயிற்றிற்குத் தேவையான கோணத்தைத் தருகிறது.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். 6 மீட்டர் நீளமும் 20 கிலோ எடையும் உள்ள மரத்தின் எடைமையம் 3 மீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். படுத்த நிலையிலிருந்து அதனை எழுப்ப, 2 மீட்டர் முட்டுக்கோலும், மரத்தின் அடியிலிருந்து 2 மீட்டர் முன்னே அமைந்த முனைப்பிடியும் இருப்பின், தேவைப்படும் இழுப்பு ஏறத்தாழ 42 கிலோ எடைக்குச் சமம். நான்கு கயிற்றோட்டமுள்ள கப்பியைச் சேர்த்தால் அது ஏறத்தாழ 11 கிலோவாகக் குறையும். இருவர் முயன்று செய்யும் வேலையை ஒருவரே செய்து முடிக்கலாம்.

பாலங்கள் மிகுந்த பிற நாடுகளிலும் இத்தேவை எழுந்தது. சீன ஓவியர் சாங் செதுவான் 12ஆம் நூற்றாண்டளவில் வரைந்த புகழ்பெற்ற நீள்சுருள் ஓவியத்தில், வளைவுப் பாலத்தை நெருங்கும் படகொன்றின் பாய்மரத்தை ஆட்கள் பதற்றத்துடன் சாய்ப்பதையும், பாலத்தின் மேல் நிற்போர் எட்டிப் பார்ப்பதையும் காண்கிறோம். இங்கிலாந்தின் நார்போக் நீர்வழிகளில் ஓடிய சரக்குப் படகுகளில் மரத்தின் அடியில் கனத்த எதிரெடை பொருத்தப்பட்டிருந்ததால், பெரிய மரத்தையும் எளிதில் சாய்க்க முடிந்தது. பாலம் நிலையானதாக இருக்குமிடத்தில் வளைந்து கொடுக்க வேண்டியது படகே என்பதை இவ்விரு சான்றுகளும் உணர்த்துகின்றன.

சூலியரும் ஆற்றுப் பாலங்களும்

1822ஆம் ஆண்டு நவம்பரில் ராபிள்ஸ் நகரக் குழுவிற்கு வழங்கிய அறிவுறுத்தலில், சூலியர் எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்களுக்கு ஆற்றின் மேற்பகுதியில் தனியிடம் ஒதுக்குவது பற்றிக் குறிப்பிட்டார். அவர்களைத் தொழிலாளர் என்றும் படகோட்டிகள் என்றும் அவர் சுட்டியது ஈண்டு நோக்கத்தக்கது. ஜாக்சன் வரைந்த நகரத் திட்டத்தில் சூலியர் கம்போங் இடம்பெற்றுள்ளது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் நிறுவப்பட்ட ஜாமியா சூலியா பள்ளிவாசலும், 1828க்கும் 1830க்கும் இடையே அன்றைய கடற்கரையை ஒட்டி எழுந்த தெலுக் ஆயர் நாகூர் தர்காவும் அம்மக்கள் விட்டுச்சென்ற தடங்களாகும்.

1820களின் தொடக்கத்தில் ஆற்றின் குறுக்கே அமைந்த முதல் பாலம் மரத்தாலான தூக்குப் பாலம். படகு வரும்போது பாலம் வழிவிடும் என்பதே அதன் அமைப்பின் பொருள். பின்னர் நிலை மாறியது. 1862இல் அதே இடத்தில் கல்கத்தாவிலிருந்து தருவிக்கப்பட்ட இரும்பாலான எல்ஜின் பாலம் அமைந்தது. 1869இல் ஆற்றின் முகத்தருகே கெவனா பாலம் எழுந்தது. இது முதலில் தூக்குப் பாலமாகவே எண்ணப்பட்டது என்றும், முடிந்தபின் நிலையான பாலமாகவே பயன்படும் எனக் கண்டனர் என்றும் கூறப்படுகிறது. அதன் தாழ்வான அமைப்பினால், நீர் ஏற்றத்தின்போது படகுகள் அடியில் நுழைய இயலாது நின்றன. பாய்மரத்தைச் சாய்த்தாலும் போதவில்லை. நீர் வடியும்வரை காத்திருக்கவும் வேண்டியிருந்தது. மேல் ஆற்றிலும் இதே இடர்ப்பாடு இருந்தது. தாழ்ந்திருந்த பழைய பாலத்தை நீக்கி 1889இல் ரீட் பாலத்தைக் கட்டியதற்குத் தொங்கான்கள் எளிதில் கடந்து செல்ல வேண்டும் என்பது ஒரு காரணம்.

கெவனா பாலம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் உருவான கடைசிப் பெரும்பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. கடல் கடந்து சிறைவாசிகளாக வந்த இந்தியரின் உழைப்பு எழுப்பிய பாலம், அதே துணைக்கண்டத்திலிருந்து படகோட்டிகளாக வந்தோரின் பாய்மரத்தைத் தாழ்த்தியது. இருசாராரும் பாலத்தின் பெயரில் இடம்பெறவில்லை. ஆளுநர் ஒருவரின் பெயரே அதற்கு வாய்த்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றுப் படகுத் தொழில் படிப்படியாகச் சீனர் கைக்கு மாறியது. பாலங்களே இதற்குக் காரணம் எனல் மிகையாகும். போட் கீ கரையிலிருந்த சீனர் கிடங்குகளும் முதலீடும் இதில் பெரும்பங்கு வகித்தன. எனினும் காத்திருக்கும் நேரம் என்பது படகோட்டிக்குக் கூலி இழப்பே என்பதை நாம் மறத்தலாகாது. பிற்காலத்தில் இயந்திரம் பொருத்தப்பட்ட படகுகள் வந்தன; பாய்மரத்தின் தேவை நீங்கியது. 1977இல் தொடங்கிய ஆற்றுத் தூய்மைப் பணியின்போது, 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. 2008இல் மரினா அணை திறக்கப்பட்டபின் ஆற்றில் கடலோதம் ஏறி இறங்குவதும் நின்றது.

முடிவுரை

2019இல் கெவனா, ஆண்டர்சன், எல்ஜின் ஆகிய மூன்று பாலங்களும் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. பாலத்திற்கு நினைவு வாய்த்தது. அதன் அடியில் மரத்தைச் சாய்த்துச் சென்றவரின் தொழில்திறனுக்கு அத்தகைய நினைவு வாய்க்கவில்லை. நம் வரலாற்று நூல்கள் தமிழரைப் பெரும்பாலும் உழைப்பாளிகளாகவே காட்டுகின்றன. கயிறும் கப்பியும் காற்றும் ஓதமும் அறிந்த தொழில்வல்லுநராக அவர்களைக் காண்பது அரிது.

இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் புறநானூற்று 30ஆம் பாடலை நடத்தும்போது, மாணவரை ஒருநாள் கெவனா பாலத்தின் கீழ்க் கரைக்கு அழைத்துச் செல்லலாம். கூம்பைக் களையாது புகுந்த புகார்க் கலத்தையும், களைந்தும் காத்திருந்த சிங்கப்பூர்ப் படகையும் அங்கு ஒருங்கே எண்ணிப் பார்க்க இயலும். ஆஞ்சான், பருமல் முதலிய படகுச் சொற்களும் அகராதியினின்று மீண்டும் மாணவரின் நாவிற்கு வரும். சிராங்கூன் சாலையிலிருந்து ஆறு வெகுதொலைவில் இல்லை. தமிழர் வரலாற்றுப் பாடத்தில் அவ்வாற்றிற்குரிய இடத்தை அளிப்பது நம் கடமையாகும்.